அட்வான்ஸில் பிடித்த பணம்: பேசுவதா, நோட்டீஸா, லோக் அதாலத்தா, கோர்ட்டா?

சேலம் கொண்டலாம்பட்டியில் இருந்த என் தங்கை குடும்பம் நான்கு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தது. வாடகை 8,500, அட்வான்ஸ் 50,000. சாவி கொடுத்துப் பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் கொடுத்தது 21,000. மீதி 29,000-க்குக் கணக்காக ஒரு துண்டுச் சீட்டு: பெயிண்ட் 18,000, கரண்ட் 4,000, குழாயும் சுவிட்சும் 2,500, தண்ணீர்த் தொட்டி கழுவ 1,500, இதர செலவு 3,000.

அன்று ராத்திரி ஆளுக்கொரு யோசனை சொன்னோம். மாப்பிள்ளை போலீசுக்குப் போகலாம் என்றார். அம்மா, "போனது போகட்டும், வம்பு வேண்டாம்" என்றாள். பக்கத்து வீட்டு அண்ணன் வக்கீல் நோட்டீஸ் விடச் சொன்னார். எந்த வழிக்கு என்ன செலவு, எத்தனை நாள், கடைசியில் கையில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு சேலத்தில் இதே சிக்கலோடு வந்த சிலருக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

## முதலில் சீட்டைப் பிரியுங்கள்

எந்த வழி என்று தேடுவதற்கு முன்னால், பிடித்த தொகையில் எது நியாயம், எது இல்லை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முழுத் தொகைக்கும் சண்டை போடுகிறவர் பாதியில் பேச்சிழந்து நிற்கிறார். வீட்டுக்காரர் ஒரே ஒரு உடைந்த ஜன்னல் கண்ணாடியைக் காட்டினால் போதும், உங்கள் மொத்தக் கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதில் மூன்று விஷயங்கள். ஒன்று, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. இரண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். மூன்று, எந்தப் பழுது யார் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதபோது சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் வேலை, கட்டடத்தின் பெரிய பழுது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கீசர், வாஷ்பேசின், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. புழக்கத்தால் வரும் சாதாரணத் தேய்மானத்தை வாடகைதாரர் தலையில் கட்டக்கூடாது.

இந்த அளவுகோலைத் தங்கையின் சீட்டில் வைத்துப் பார்த்தோம். அவர்கள் ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே 18,000 நிற்காது. (பல ஒப்பந்தங்களில் 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்ட் செலவுக்குப் பிடித்துக்கொள்ளலாம்' என்று இருக்கும். கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஒரு மாதத்தை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் கேட்டால் மட்டும் எதிருங்கள்.) குழாய், சுவிட்ச் 2,500 நம் பக்கம்தான், ஏற்றுக்கொண்டோம். கரண்டுக்குப் போட்ட 4,000 வெறும் உத்தேசம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறது என்பதால், நடுவில் காலி செய்கிறவரிடம் வாயில் வந்த தொகையைப் பிடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நல்ல வேளையாக, காலி செய்த அன்று தங்கை மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதன்படி வந்தது 1,300. தொட்டி மூன்று வீட்டுக்குப் பொது என்பதால் அதை ஏற்கவில்லை. இதர செலவு என்ன என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஆக நியாயமான பிடித்தம் 3,800. தகராறு 25,200-க்கு. இப்படி ஒரு எண் கையில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெளிவாகிறது.

இரண்டு இடங்களில் இந்தக் கணக்கு மாறும். அம்மாப்பேட்டை, குகை பக்கம் வீட்டுக்குள்ளேயே தறி போட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. தறியை இறுக்கத் தரையில் போட்ட ஓட்டை, ஊறிப்போன எண்ணெய்க் கறை, அதிர்வில் விட்ட விரிசல் ஆகியவற்றைச் சாதாரணத் தேய்மானம் என்று சொல்ல முடியாது; அதில் வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மனசு கஷ்டமாக இருந்தாலும் அதை ஒத்துக்கொண்டு, தொகையைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஏற்காட்டில் நிலைமை நேர் எதிர். மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் அது. சுவரில் கரும்பூஞ்சை, அலமாரிப் பலகை உப்புவது, ஜன்னல் சட்டம் ஊறி மூடாமல் போவது எல்லாம் மலையின் ஈரம் செய்கிற வேலை. குடியிருந்தவர் துணியை வீட்டுக்குள் காயப்போட்டதால்தான் சுவர் கெட்டது என்று ஒரு ஆசிரியர் குடும்பத்திடம் 12,000 பிடித்தார்கள். அதே சுவரின் வெளிப்பக்கம் முழுக்கப் பாசி. அதை ஒரு போட்டோ எடுத்துக் காட்டியதும் பேச்சு மாறியது.

## எதை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பது

நான் பார்ப்பது நான்கு. தகராறுத் தொகை உங்கள் வீட்டு வரவுசெலவில் எவ்வளவு பெரியது? கையில் என்ன எழுத்து இருக்கிறது? எத்தனை நாள் வேலையை விட்டு அலைய முடியும்? அந்த வீட்டுக்காரரின் முகத்தில் இனியும் விழிக்க வேண்டியிருக்கிறதா?

கடைசிக் கேள்வியைப் பலர் சின்னதாக நினைக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் அவர் வீட்டை விட்டு அடுத்த சந்துக்குத்தான் போயிருக்கிறீர்கள், கொலுசுப் பட்டறை வேலையும் அவர் உறவுக்காரரிடம்தான் என்றால், வழியும் வேறாகத்தான் இருக்கும். பெங்களூருக்கே போய்விட்டவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற வேண்டும்.

எழுத்து விஷயத்தில் ஒன்று. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாததைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில் தடை இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறோம். மனம் தளர வேண்டாம். அட்வான்ஸ் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ போயிருந்தால் அந்தப் பதிவு பேசும். வாட்ஸ்அப்பில் "அட்வான்ஸ்ல கழிச்சுட்டு தர்றேன்" என்று அவர் எழுதியிருந்தால் அது இன்னும் நல்லது. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட் வரை போனால் மின்னணுப் பதிவுக்குத் தனிச் சான்று வைக்க வேண்டியிருக்கும், அதற்கு மூலம் உங்களிடம் இருக்க வேண்டும்.

## வழி 1: எழுத்தில் கணக்குக் கேட்டுப் பேசுவது

பேசுவது என்றால் வாசலில் நின்று சத்தம் போடுவதைச் சொல்லவில்லை. முதலில் ஒரு கடிதம், அப்புறம் பேச்சு. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, தங்கள் வீட்டில் ___ முதல் ___ வரை குடியிருந்தேன். அட்வான்ஸ் 50,000 ரூபாய் தந்துள்ளேன். ___ தேதி சாவி ஒப்படைத்தேன். தாங்கள் பிடித்த 29,000 ரூபாயில் குழாய், சுவிட்ச் செலவு 2,500 ரூபாயையும், மீட்டர் ரீடிங்படி மின் கட்டணம் 1,300 ரூபாயையும் ஏற்கிறேன். மற்ற இனங்களுக்கு ரசீது தரும்படியும், ரசீது இல்லாதவற்றுக்குரிய தொகையை 15 நாட்களுக்குள் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள், கையில் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். குரலை உயர்த்தாத இந்தக் கடிதம்தான் மற்ற எல்லா வழிக்கும் அஸ்திவாரம். இதை அனுப்பாமல் நேரே வக்கீலிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

பேச்சுக்கு இருவருக்கும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நம் ஊரில் பலன் தருகிறது. வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர், தெருவில் பெரியவர், கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. வீட்டுக்காரருக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதை மறக்காதீர்கள். பல வீடுகளில் அந்த அட்வான்ஸ் எப்போதோ செலவாகிவிட்டது. புதிதாக வருகிறவர் தந்தால்தான் பழையவருக்குக் கொடுக்க முடியும். "இரண்டு தவணையில் கொடுங்கள்" என்றதும் தொகை கூடியதை நானே பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு காலம். "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று ஒரு வருடம் ஓடிவிடும். பண வசூலுக்கான பொதுக் காலவரம்பு 3 ஆண்டு, அது நின்று காத்திருக்காது. நான் 45 நாளுக்கு மேல் இந்த வழியில் நிற்கச் சொல்லமாட்டேன்.

## வழி 2: வாடகையில் கழிப்பது, சாவியைப் பிடித்து வைப்பது

இன்னும் காலி செய்யாதவர்கள் கேட்பது இது. கடைசி இரண்டு மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொண்டால் தகராறே வராதே?

வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் இதைவிட எளிய வழி இல்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். சம்மதம் இல்லாமல் செய்தால் அது வாடகைப் பாக்கி ஆகிவிடும். இரண்டு மாதப் பாக்கி, வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணங்களில் ஒன்று. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், ஏட்டில் நீங்கள் பாக்கிக்காரர் ஆகிறீர்கள்.

பணம் வரும் வரை சாவி தரமாட்டேன் என்பது இன்னும் மோசம். சொன்ன தேதியைத் தாண்டி வீடு உங்கள் வசம் இருந்தால் கூடுதல் வாடகை கேட்கச் சட்டமே இடம் தருகிறது. தகராறு 25,000 ரூபாய்க்கு என்றால், இரண்டே மாதத்தில் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

## வழி 3: வக்கீல் நோட்டீஸ்

இரண்டு பக்கக் காகிதம், கூடவே வக்கீல் கட்டணம். ஆளையும் வேலையையும் பொறுத்து ஆயிரத்தில் தொடங்கிச் சில ஆயிரம் வரை கேட்பார்கள். இந்தப் பணம் பொதுவாகத் திரும்பி வராது. ஆகவே தகராறு எட்டாயிரத்துக்கு என்றால் எனக்கு இதில் விருப்பமில்லை.

வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை, மேனேஜர் வைத்துப் பல வீடுகளை வாடகைக்கு விடுகிறார் என்றால் நோட்டீஸ் நன்றாக வேலை செய்யும். அப்படிப்பட்டவருக்கு இது ஒரு வரவுசெலவுக் கணக்கு, கோர்ட் அலைச்சலைவிடப் பணத்தைத் தருவது லாபம் என்று அவரே முடிவு செய்துகொள்வார். மாடியில் குடியிருந்துகொண்டு கீழ்வீட்டை வாடகைக்கு விட்ட வயதானவருக்கு நோட்டீஸ் போனால், அவருக்கு அது மானப் பிரச்சினை. பேசித் தீர்ந்திருக்கக்கூடியது அன்றோடு முறிந்துவிடும். அனுப்பும் முன் ஆளை நினைத்துப் பாருங்கள்.

## வழி 4: லோக் அதாலத்

லோக் அதாலத் என்றால் மக்கள் நீதிமன்றம். இதைப் பற்றித்தான் நம் ஆட்களுக்குத் தெரிந்தது குறைவு. வழக்கே போடாமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் மனு கொடுக்கலாம். சேலத்தில் அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. அங்கிருந்து வீட்டுக்காரருக்கு அழைப்பு போகும். இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒத்துக்கொண்டால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கி அவார்டு கொடுப்பார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஒத்துக்கொண்ட பிறகு பணம் தராவிட்டால் அதை வைத்தே நிறைவேற்றக் கேட்கலாம்.

பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவியும் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் முதல் விவரம் கேட்கலாம். ஒப்பந்தம் தங்கை பெயரில் இருந்ததால் மனுவையும் அவள் பெயரிலேயே போட்டோம்.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிராளி வரவில்லை, வந்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர்களால் தீர்ப்புச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பெரும்பாலும் முழுத் தொகையும் வராது, நடுவில் ஒரு எண்ணில்தான் முடியும். மேல்முறையீடு இல்லை என்பது உங்களுக்கும் பொருந்தும் என்பதால், அவசரத்தில் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வருந்திப் பயனில்லை. எவ்வளவுக்குக் கீழே இறங்கமாட்டோம் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள்.

நாங்கள் 18,000 என்று வைத்துக்கொண்டு போனோம். முதல் வாய்தாவுக்கு அவர் வரவில்லை. இரண்டாவதற்கு மகனோடு வந்தார். பழுதுப் பட்டியலையும் மீட்டர் போட்டோவையும் எதிரே வைத்ததும், வாசலில் நின்று கத்திய அதே மனிதர் அமைதியாகப் பேசினார். 20,000-க்கு முடிந்தது. 5,200 போனதில் தங்கைக்கு வருத்தம்தான். ஆனால் வழிச்செலவையும் மாப்பிள்ளையின் இரண்டு நாள் கூலியையும் தவிர வேறு செலவில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறி ஒரு நாள் போய்விடும் என்பதால், வருகிற தடவைகள் குறைவாக இருக்கும் வழி முக்கியம்.

## வழி 5: வாடகை நீதிமன்றம்

2017 சட்டம் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று மூன்று படி வைத்திருக்கிறது. வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். ஒப்பந்தப் பதிவு, தண்ணீர் கரண்டை நிறுத்துவது போன்றவை அவரிடம் போகும். உங்கள் பகுதிக்கு யார் என்று தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கேளுங்கள். பணத் தகராறு நீதிமன்றத்துக்குரியது.

இங்கே வக்கீல் கட்டணம், பல வாய்தாக்கள், எதிர் மனு, ஒருவேளை மேல்முறையீடு என்று நீளும். வீட்டுக்காரரும் உங்கள் மேல் புதிதாகச் சேதக் கணக்குப் போடலாம். பதிந்த ஒப்பந்தம், வங்கிப் பதிவு, குடிவந்த நாள் போட்டோ மூன்றும் இருந்து, தொகையும் பெரிதாக இருந்தால் தயங்காமல் போங்கள். ஐந்தாறு லட்சம் கொடுத்துப் போகியத்துக்கு இருந்தவர்கள், கடைக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இந்த வகை. வழக்கு நடக்கும்போதும் லோக் அதாலத்துக்கு மாற்றக் கேட்கலாம். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பும்.

## போலீசும் நுகர்வோர் ஆணையமும்

அட்வான்ஸ் பாக்கி சிவில் விஷயம். ஸ்டேஷனில் மனு வாங்கி, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தரலாம், கூப்பிட்டும் பேசலாம், பணத்தை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை அல்ல. ஆனால் வீட்டைப் பூட்டிச் சாமானைத் தராமல் வைத்தார், மிரட்டினார், கை வைத்தார் என்றால் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

வெறும் வீட்டு வாடகை நுகர்வோர் வழக்காக நிற்பது கஷ்டம். சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் சேர்த்துப் பணம் வாங்கும் ஹாஸ்டல், பி.ஜி. என்றால் அது சேவை என்று வாதாட இடமுண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பார்க்கலாம். கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | அலைச்சல் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| கடிதமும் பேச்சும் | தபால் செலவு | குறைவு | எல்லாருக்கும் முதல் படி. 10,000-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இதுவே கடைசிப் படியும் |
| வாடகையில் கழிப்பது | இல்லை | இல்லை | எழுத்தில் சம்மதம் வாங்கியவருக்கு மட்டும் |
| வக்கீல் நோட்டீஸ் | சில ஆயிரம் | குறைவு | வெளியூர் வீட்டுக்காரர், பல வீடு வைத்திருப்பவர் |
| லோக் அதாலத் | வழிச்செலவு | இரண்டு மூன்று நாள் | நடுத்தரத் தொகை, எழுத்து கொஞ்சம் குறைவு, உறவு முறியக்கூடாது |
| வாடகை நீதிமன்றம் | அதிகம் | அதிகம் | பெரிய தொகை, பலமான ஆவணம், வரவே மறுக்கும் எதிராளி |

என்னைக் கேட்டால், கடிதம் அனுப்பி 45 நாள், அப்புறம் லோக் அதாலத், அதற்கும் வராதவருக்கு மட்டும் நோட்டீஸும் கோர்ட்டும். நோட்டீஸை முதலில் வைக்கச் சொல்லும் நண்பர்களோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாலாயிரம் ஐயாயிரம் பாக்கி என்றால், கடிதத்துக்குப் பதில் வராதபோது விட்டுவிடுவதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம்.

இன்னும் சாவி கையில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். காலி செய்யும் நாளில் பகல் வெளிச்சத்தில், சாமான் ஏற்றிய பிறகு வெறும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். மீட்டர் எண், குழாய்கள், ஜன்னல் கண்ணாடி, கழிவறை எதையும் விடாதீர்கள். வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டி, குறை இருந்தால் அங்கேயே ஒரு தாளில் எழுதித் தொகை போட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் சாவியையும் பணத்தையும் அதே இடத்தில், அதே நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பணம் அப்புறம்தான் என்றால், தேதியையும் தொகையையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.